ஹைபிரிட் ஜீப்: பிரேக் மிதிக்கேக்க ஒரு கணம் பிடி விடுது, ஆருக்கும் இப்பிடி நடந்திருக்கோ?

இணுவில்_வாத்தி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிச்சுப் பதில் தாங்கோ. விசயம் பிரேக், அதால ஒண்டையும் விட்டுப்போட்டுச் சொல்ல மனமில்லை.

வாகனம் யப்பான் ஹைபிரிட் எஸ்யூவி. வீட்டில ஜீப் எண்டுதான் சொல்லுறது. 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 2022 இல வாங்கினன். இறக்குமதி 2020 மார்ச்சில நிண்டதுக்குப் பிறகு பழைய வாகனத்துக்கு என்ன விலை கேட்டவை எண்டு உங்களுக்குத் தெரியும். மனிசியின்ர நகையில பாதி, என்ர சேமிப்பு, மிச்சத்துக்கு லீசிங். நான் மூண்டாவது சொந்தக்காரன். மீற்றர் இப்ப 112,000 காட்டுது.

மாசி மாதம்தான் முதல் கவனிச்சன். கே.கே.எஸ் வீதியில இருந்து எங்கட வீட்டுக்குப் போறதெண்டா ரயில் கடவை தாண்டவேணும். அதுக்குக் கிட்ட வரேக்க 20 இலதான் வருவன், கால் மெல்லப் பிரேக்கில இருக்கும். தண்டவாளத்துக்கு முன்னால தார் வெடிச்சு ஒரு பள்ளம் கிடக்கு. முன் சில்லு அதில விழுந்து எழும்பேக்க பிரேக் கைவிட்ட மாதிரி வண்டி முன்னுக்கு வழுக்குது. கால் பெடலில அப்பிடியே இருக்கு, நான் எடுக்கேல்லை. பிறகு டக்கெண்டு பிடிக்குது. அரைச் செக்கன் இருக்கும். 20 இல அரைச் செக்கன் எண்டா கிட்டத்தட்ட மூண்டு மீற்றர். நான் நிப்பாட்டிற இடத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில அவ்வளவுதான் இருக்கு. கணக்குப் பாத்த அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை.

அடுத்தது சத்தம். பொனற்றுக்குள்ள வலப்பக்கம் சுவரோட ஒட்டி, தையல் மெசின் ஓடுற மாதிரி ஒரு சின்ன மோட்டர்ச் சத்தம். முந்தி காலமை கதவு திறக்கேக்க ஒருக்காக் கேட்கும், பேந்து இல்லை. இப்ப இரண்டுதரம் பிரேக் மிதிச்சா ஒருக்கா ஓடுது. வீட்டில படலைக்கு முன்னால சும்மா நிக்கேக்கையும் ஓடுது.

சித்திரை லீவுக்குக் கண்டி போய்த் திரும்பி வரேக்கதான் பெரிசா நடந்தது. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில, மைமல் நேரம், ஏ9 இல மாடுகள் குறுக்க வந்திட்டுது. 60 இல வந்தனான். மிதிச்சன், சிவப்பு லைற் பத்தி நிக்காமல் அலாரம் அடிக்கத் தொடங்கிச்சு, பெடல் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. இரண்டு காலையும் தூக்கி வைச்சு மிதிச்சுத்தான் நிப்பாட்டினது. கடைசி மாட்டின்ர வால் பொனற்றில அடிச்சிட்டுப் போச்சு. பின்னால பிள்ளையள் இரண்டும், முன்னால அம்மா. அம்மா ஒண்டும் கதைக்கேல்லை, என்ர கையைப் பிடிச்சவ பிடிச்சபடி இருந்தா. பத்து நிமிசம் நிப்பாட்டிப்போட்டு ஸ்ராட் பண்ண லைற் இல்லை, எல்லாம் சரியான மாதிரி. முறிகண்டியில ஒரு மணித்தியாலம் இருந்துபோட்டு 40 இல யாழ்ப்பாணம் வந்து சேந்தம்.

பிறகு மூண்டு கராஜ். முதலாவதில நாலு சில்லுக்கும் பிரேக் பாட் மாத்தவேணும் எண்டிச்சினம், முன் பாட்டை மட்டும் மாத்தினன், ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாவதில "ஹைபிரிட் எண்டா இப்பிடித்தான், பழகீடும்" எண்டு அனுப்பிவிட்டினம். மூண்டாவதில ஸ்கானர் பூட்டி ஏதோ பிழைக் கோட் இருக்கு எண்டு அழிச்சுவிட்டினம். என்ன கோட் எண்டு கேட்டன், எழுதி வைக்கேல்லையாம்.

அதுக்குப் பிறகு நானே ஒரு கொப்பி போட்டன். திகதி, இடம், வேகம், மழையோ வெயிலோ, அதுக்கு முன்னம் எத்தினைதரம் பிரேக் அடிச்சது, எல்லாம். இண்டைக்கு வரைக்கும் 11 பதிவு. ஏழு பள்ளத்தில வழுக்கினது. நாலு சிவப்பு லைற், அந்த நாலும் அடுத்தடுத்துப் பிரேக் அடிச்சதுக்குப் பிறகு வந்தது.

பிரேக்கோட பழகிறது எண்டு ஒரு கதை இருக்கோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. அம்மாவை மாதத்தில இரண்டுதரம் பெரியாசுப்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டுபோகவேணும்.

சுன்னாகம்_பட்டறை எழுதியது:

தம்பி, முதல்ல வண்டியை ஓடுறதை நிப்பாட்டுங்கோ. கராஜுக்குக் கொண்டுபோறதெண்டாலும் லொறியில ஏத்திக் கொண்டுபோங்கோ. அம்மாவுக்கு ஓட்டோ பிடியுங்கோ.

உங்களுக்கு இரண்டு வேற வேற பிழை ஒண்டாச் சேந்திருக்கு எண்டு நினைக்கிறன். அதை ஒண்டாப் போட்டுக் குழப்பினதாலதான் மூண்டு இடத்திலயும் பிடிபடேல்லை.

பள்ளத்தில வழுக்கிறது. ஹைபிரிட்டில மெல்ல மிதிச்சா பாட் பிடிக்கிறதில்லை. மோட்டர்தான் திருப்பிச் சுத்தி வேகத்தைக் குறைச்சு பற்றரிக்குச் சார்ஜ் ஏத்துது. சில்லு பள்ளத்தில விழுந்து ஒரு கணம் தரையை விட்டா, சில்லு சறுக்காமல் பாக்கிற ஏபிஎஸ் அதைச் சறுக்கல் எண்டு விளங்கி, மோட்டர்ப் பிரேக்கை வெட்டிப்போட்டு ஒயில் பிரேக்குக்குக் குடுக்குது. அந்தக் கைமாத்தில வாற இடைவெளிதான் உங்கட அரைச் செக்கன். கொஞ்சம் இருக்கும்தான். ஆனா சொக்கப்சர் தேஞ்சு ரயரும் மொட்டையாப் போனா சில்லு கூடத் துள்ளும், இடைவெளியும் கூடும். அதை முதல் பாருங்கோ.

சிவப்பு லைற்றும் அலாரமும் அதைவிடப் பெரிய விசயம். பழைய பெற்றோல் வண்டியில எஞ்சின் வெற்றிடத்தால பிரேக்குக்குப் பலம் வருது. ஹைபிரிட்டில எஞ்சின் பாதி நேரம் நிண்டிடும், அதால அந்தப் பலத்துக்குக் கறண்டில ஓடுற ஒரு பம்ப். அது பிரேக் ஒயிலை ஒரு குப்பிக்குள்ள அழுத்திச் சேத்து வைக்கும். குப்பிக்குள்ள நைதரசன் வாயு, அது ஸ்பிறிங் மாதிரி. நீங்கள் மிதிக்கேக்க உங்களுக்கு உதவுறது அந்தச் சேமிப்புத்தான். வால்வு உள்ளுக்குள்ள கசிஞ்சா சேமிப்பு நிக்காது, பம்ப் திரும்பத் திரும்ப ஓடும். அடுத்தடுத்து மிதிச்சா சேமிப்பு முடியும், பெடல் இறுகும். உங்கட கொப்பியில அந்த நாலு பதிவும் இதைத்தான் சொல்லுது. கோட்டை அழிச்ச ஆள் செய்தது பெரிய பிழை, நோயாளியின்ர கிளினிக் துண்டைக் கிழிச்ச மாதிரி.

வீட்டிலயே ஒண்டு பாக்கலாம். சமதரையில, பார்க்கில போட்டு, சில்லுக்குக் கல்லு வைச்சு, ரெடி லைற் வரப்பண்ணி, காலைப் பிரேக்கில இருந்து எடுத்துப்போட்டுச் சும்மா இருங்கோ. போன் எடுத்து அந்தத் தையல் மெசின் சத்தம் எத்தினை செக்கனுக்கு ஒருக்கா வருது எண்டு பாருங்கோ. மிதிக்காமல் இருக்கேக்க அது அனேகமாச் சத்தம்போடாமல் கிடக்கவேணும்.

12 வோல்ட் சின்னப் பற்றரியையும் அளந்து பாருங்கோ. அது பலவீனமா இருந்தாலும் இப்பிடி லைற் எல்லாம் கூத்துக்காட்டும். அது மலிவு, முதல் அதைக் கழிக்கவேணும்.

இன்னொண்டு, இதை வாசிக்கிற பெடியளுக்கும் சொல்லுறன். சில ஹைபிரிட்டில கதவு திறந்தாலே பிரேக் பம்ப் எழும்பும். திறப்பை வண்டிக்கு எட்டத்தில வைச்சு, சின்னப் பற்றரியின்ர நெகற்றிவைக் கழட்டாமல் பாட்டை இறுக்கிற கலிப்பருக்குள்ள கைவிரல் விடாதேங்கோ. பிரேக் குழாயில நிக்கிற எயார் எடுக்கிறதும் ஸ்கானரோடதான், பழைய மாதிரி ஒராள் மிதிக்க ஒராள் திறக்கிற வேலை இதில சரிவராது.

நல்லூர்_பொடியன் எழுதியது:

இவ்வளவு பயப்பிடத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். என்ர மச்சானுக்கும் இதே மாதிரி சிவப்பு லைற் வந்தது. கராஜில லைற் வராமல் செய்து குடுத்தவை, இரண்டு வருசமா ஓடுறார், கொழும்புக்கும் போய் வாறார். அந்தச் சாமான் மாத்தப் பல இலட்சம் கேட்பினம். இப்ப ஆரிட்ட அவ்வளவு காசு இருக்கு? மெல்ல ஓடினாச் சரி.

சுன்னாகம்_பட்டறை எழுதியது:

தம்பி, உங்கட மச்சானிட்ட இண்டைக்கே சொல்லுங்கோ, அந்த லைற்றைத் திரும்பப் பூட்டச் சொல்லி. காசுக் கஷ்டம் எனக்கு விளங்கும், என்னட்ட வாற எல்லாருக்கும் அதுதான். ஆனா 60 இல ஓடேக்க ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல போகுது வண்டி. மெல்ல ஓடுறவருக்கு முன்னாலயும் சைக்கிள்காரன் திரும்புவான், பிள்ளை ஓடி வரும். லைற் இருந்தா ஆகக் குறைஞ்சது அண்டைக்கு வண்டியை வீட்டில விடுவார்.

வேலணை_கடற்கரை எழுதியது:

என்ர ஹைபிரிட் இல்லை, டீசல் ஜீப். ஆனா பிரேக் விட்ட அனுபவம் இருக்கு, அதால எழுதிறன்.

நாங்கள் தீவுப்பக்கத்து ஆக்கள், நாளுக்கு இரண்டுதரம் பண்ணைப் பாலம். கச்சான் காத்துக் காலத்தில கடல்தண்ணி றோட்டுக்கே தெறிக்கும். பின்சில்லுக்குப் போற பிரேக் குழாய் இரும்பு, அது சசியோட கிளிப்பில ஒட்டிற இடத்தில உப்பும் மண்ணும் சேந்து உள்ளுக்குள்ளால அரிச்சிருக்கு. வெளியால பாக்கத் தெரியேல்லை. ஒருநாள் வங்களாவடிச் சந்தியில மிதிச்சன், பெடல் தரை மட்டும் போச்சு. இறங்கிக் குனிஞ்சு பாத்தா ஒயில் தாரையா ஊத்துது. ஹாண்ட்பிரேக்கில நிண்டதுதான். அண்டையில இருந்து மாதத்தில ஒருக்கா அடியில நல்லதண்ணி அடிச்சுக் கழுவிறன்.

பிரேக் ஒயிலும் அப்பிடித்தான். ஒருத்தரும் மாத்திறதில்லை, குறைய ஊத்துறதோட சரி. அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கிற சாமான். டொட் 3 ஒயில் புதுசில குறைஞ்சது 205 பாகை மட்டும் கொதிக்காமல் நிக்கும், ஈரம் பிடிச்சா 140 இலயே கொதிக்கலாம். கடுகண்ணாவை மாதிரி இறக்கத்தில பிரேக்கில காலை வைச்சபடி இறங்கினா அந்தச் சூடு வரும். கொதிச்சா ஒயிலுக்குள்ள ஆவி, மிதிக்கப் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ, கடையில திறந்து கிடந்த போத்தல் வாங்காதேங்கோ.

எனக்கு ஆத்திரம் வாற விசயம் ஒண்டு இருக்கு. வருசாவருசம் வரிப்பத்திரம் எடுக்கேக்க புகை பாக்கினம், இன்சூரன்ஸ் பாக்கினம். எங்கட மாதிரி வீட்டு வாகனத்தின்ர பிரேக்கை ஆரும் பாக்கிறதில்லை. புகை ஒரு ஊரைக் கெடுக்கும் எண்டா பிரேக் ஒரு குடும்பத்தை அழிக்கும்.

ஸ்காபரோ_அக்கா எழுதியது:

தம்பி, உங்கட பதிவை வாசிச்சு எனக்குக் கை நடுங்கிப்போச்சு. சுன்னாகம் அண்ணை சொன்னதோட நான் இன்னொண்டு சேக்கிறன்: சசி நம்பரை வைச்சு ரீகோல், அதுதான் பிழை திருத்தக் கொம்பனி வாகனத்தைத் திருப்பிக் கூப்பிடுறது, இருக்கோ எண்டு பாத்தனீங்களோ?

இங்க கனடாவில ரீகோல் எண்டா வீட்டுக்குக் கடிதம் வரும். எனக்கும் ஒருக்கா வந்தது, கொண்டுபோய் விட்டன், காசில்லாமல் புரோகிராம் மாத்தித் தந்தினம். உங்கட வாகனம் யப்பானில ஏலத்தில எடுத்துக் கப்பலேறின அண்டைக்கே அந்தக் கடிதம் வாற விலாசம் அறுந்துபோச்சு. பிழை கண்டுபிடிச்சுத் திருத்தச் சொல்லியிருந்தாலும் உங்களுக்கு ஆர் சொல்லுவினம்?

ரீகோல் எண்டது எங்கயோ எப்பவோ நடக்கிறதில்லை. 2010 பெப்ரவரியில டொயோட்டா பிரியஸ் உட்பட நாலு லட்சத்து 37 ஆயிரம் அளவு ஹைபிரிட் வாகனத்தை உலகம் முழுக்கத் திருப்பிக் கூப்பிட்டது. காரணம், மேடுபள்ளத்திலயும் வழுக்கல் றோட்டிலயும் பிரேக் ஒரு கணம் விடுற மாதிரி எண்டு ஓட்டினவை முறைப்பாடு செய்ததுதான். திருத்தம் ஏபிஎஸ் புரோகிராம் மாத்தினது. 2013 யூனில திரும்பவும் இரண்டு லட்சத்து 42 ஆயிரம் அளவில, அந்த நைதரசன் குப்பியில வெடிப்பு வந்து வாயு பிரேக் ஒயிலுக்குள்ள கசியலாம் எண்டு. உங்கட வாகனம் அது இல்லைத்தான். ஆனா "பழகீடும்" எண்டு உங்களுக்குச் சொன்ன அதே விசயத்தை ஒரு கொம்பனி பிழை எண்டு ஒத்துக்கொண்டு திருத்தியிருக்கு, அதைத்தான் சொல்லவாறன்.

எயார்பாக்கையும் பாருங்கோ. ரகாட்டா எண்ட கொம்பனி செய்த எயார்பாக்குக்குள்ள இருந்த அமோனியம் நைத்திரேற் வருசக்கணக்கா வெக்கையும் ஈரமும் பட்டால் கெட்டுப்போய், வெடிக்கேக்க இரும்புத் துண்டு ஆளில பாயும். கோடிக்கணக்கில திருப்பிக் கூப்பிட்டது, 2017 இல அந்தக் கொம்பனி வங்குரோத்து ஆச்சு. வெக்கையும் ஈரமும் எண்டால் எங்கட ஊர்தானே.

யப்பான் கொம்பனியளின்ர சொந்த இணையத்தளத்தில சசி நம்பர் போட்டுத் தேடலாம். யப்பான் மொழிதான், ஆனா போனில மொழிபெயர்த்து வாசிக்கலாம்.

இணுவில்_வாத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூண்டு கிழமை எடுத்திட்டுது, அதால இப்பதான் எழுதிறன்.

சுன்னாகம் அண்ணை சொன்ன மாதிரி முதல் வீட்டில இருந்து எண்ணினன். பின்னேரம் ஐஞ்சு மணி, பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டரையும் நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, கண்ணாடி இறக்கி விட்டிட்டு இருந்தன். காலை இரண்டையும் சீற்றுக்குமேல தூக்கி வைச்சுக்கொண்டு. 50 செக்கன், ட்ர்ர்ர். திரும்ப 48. திரும்ப 51. ஒருத்தரும் தொடாத பிரேக், நிமிசத்துக்கு ஒருக்கா வேலை செய்யுது. பத்துத்தரம் எண்ணிக் கொப்பியில எழுதினன். மகள் பக்கத்தில நிண்டு, "அப்பா, அதுக்கு மூச்சு வாங்குதோ?" எண்டு கேட்டாள்.

சின்னப் பற்றரி நல்லாத்தான் இருந்தது. லொறியில ஏத்தி ஹைபிரிட் பாக்கிற ஒராளிட்டக் கொண்டுபோனன். கொப்பியை முதல் குடுத்தன். அவர் ஸ்கானரை எடுக்க முதல் இருந்து வாசிச்சார், அதுக்கே அவருக்குக் கும்பிடு போடலாம். அழுத்தம் உள்ளுக்குள்ள கசியுது எண்ட கோட் திரும்ப வந்திருக்கு. பிரேக் ஒயில் பிளேன்ரீ நிறம். பின் இடப்பக்கக் கலிப்பர் நகருற இரும்புக் கம்பி துருப்பிடிச்சு இறுகி, அந்தப்பக்க உள் பாட் கடதாசி மாதிரித் தேஞ்சுபோச்சு, வெளிப் பாட் அரைவாசிக்கு மேல கிடக்கு. அவர் இரண்டையும் என்ர உள்ளங்கையில பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டினார். ஒரே சில்லில கழட்டினது எண்டு நம்ப ஏலாமல் இருந்தது. பின்னால பாட் மாத்தத் தேவையில்லை எண்டு நான்தான் முதல் கராஜில காசுக்குப் பாத்தனான்.

மாத்தவேண்டியது அந்தப் பம்ப் கூட்டு. பழையது கொழும்பில மலிவாக் கிடைக்குது. ஆனா அதுவும் என்ர வாகனத்தின்ர வயசுதான், எப்ப கசியும் எண்டு ஆருக்குத் தெரியும். வண்டியை வித்துப்போடுவம் எண்டும் ஒருநாள் யோசிச்சன். சொல்லாமல் விக்க என்னால ஏலாது. சொன்னா ஆரும் வாங்காயினம். புதுசுதான் எடுத்தது, பற்றுச்சீட்டு, உத்தரவாதம் எல்லாம் எழுத்தில வாங்கி வைச்சிருக்கிறன். பற்றுச்சீட்டுத் தரப் பின்னடிச்சவை, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 எண்ட முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்தைச் சொன்ன பிறகு தந்தினம். காசு விசயம் எழுதேல்லை, மனிசியின்ர மிச்ச நகை இப்ப பாங்கில இருக்கு.

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி சசி நம்பர் போட்டுப் பாத்தன். எயார்பாக்குக்கு ஒண்டும் இல்லை. ஆனா பிரேக் புரோகிராம் மாத்திற வேலை ஒண்டு "செய்யப்படவில்லை" எண்டு கிடந்தது. இஞ்சத்தைய ஏஜென்ற் தாங்கள் இறக்காத வாகனம் எண்டு முதல் மறுத்தவை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மூண்டு நாள் போய் நிண்டன். கூலி மட்டும் எடுத்துக்கொண்டு செய்து தந்தினம்.

நல்லூர்த் தம்பி, கோவிக்காதேங்கோ, உங்கட மச்சானிட்டச் சொன்னனீங்களோ? கடவைக்கு மூண்டு மீற்றர் எண்டு நான் எழுதினதை அவருக்குக் காட்டுங்கோ.

நல்லூர்_பொடியன் எழுதியது:

காட்டினன் அண்ணை. என்ர அக்கா பிள்ளையளை ஏத்த விடமாட்டன் எண்டு நிக்கிறா. வாற கிழமை ஸ்கான் பண்ணப் போறார்.

இணுவில்_வாத்தி எழுதியது:

சந்தோசம் தம்பி. போறதுக்கு முதல் அவரை வீட்டில இருந்து எண்ணச் சொல்லுங்கோ, கோட் இருந்தா அழிக்க விடாமல் படம் எடுக்கச் சொல்லுங்கோ.

என்ர இப்ப நேற்றுக் காலமை எண்ணினது: கால் வைக்காமல் 20 நிமிசம் இருந்தன், ஒருதரமும் ஓடேல்லை. அதே கடவைப் பள்ளத்தில நாலுதரம் இறக்கிப் பாத்தன், ஆளில்லாமல், ரயில் நேரம் பாத்து. ஒரு சின்ன உதறல் இருக்கு, வழுக்கல் இல்லை. பின் சொக்கப்சர் இரண்டும் இன்னும் மாத்தேல்லை, வாற மாதச் சம்பளத்துக்கு.

இணுவில், கோண்டாவில், மருதனார்மடம் பக்கம் இதே வகை வண்டி வைச்சிருக்கிற ஆராவது இருந்தா ஞாயிறு காலமை வாங்கோ, இரண்டு வண்டியையும் பக்கத்தில விட்டுச் சத்தம் கேட்டுப் பாப்பம். கழட்டின பழைய பம்ப் கூட்டும் என்னட்டத்தான் இருக்கு.